வரையாமல் விட்ட வட்டம்

15 மே 2022, ஞாயிறு

குக்கர் விசில் அடித்தால் பாப்பா இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடுகிறாள். கதவைச் சாத்தினால், யாராவது தும்மினால், நான் பேப்பரை மடித்தால்கூட அப்படித்தான். நாலு மாதப் பிள்ளைக்கு இவ்வளவு கூர்மையான காதா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜோதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். விலங்கியல் வாத்தியாரைக் கட்டியவள் வேறு எங்கே போவாள்? நம் மூதாதைகளுக்கு உடம்பெல்லாம் ரோமம் இருந்தது. குட்டிகள் தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு தொங்கின. பிடி நழுவினால் கையை விரித்து மறுபடி பற்றிக்கொள்ளும். ரோமம் உதிர்ந்து எத்தனையோ லட்சம் வருடம் ஆகியும் மனிதக் குழந்தையின் கைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

"அப்ப எங்கிட்டப் பிடிக்க ஒண்ணும் இல்லன்னுதான் இப்படி முழிக்கிறாளா? இந்தாங்க மச்சான், நீங்களே வச்சுக்கங்க. உங்க நெஞ்சுலதான் காடு மாதிரி கெடக்கே" என்று பிள்ளையை என் மேல் போட்டாள் ஜோதி.

இருவரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. அத்தை என்றால் ஜோதியின் அம்மா பேச்சியம்மாள், என் அப்பாவின் உடன்பிறப்பு. சின்னமனூரில் பேறுகாலம் பார்த்து, மூன்றாம் மாதம் பிள்ளையோடு போடிக்கு வந்து எங்களோடு இருக்கிறார். அடுப்படியில் நின்று பாப்பாவையே பார்த்தவர், உள்ளே போய்க் குக்கரை இறக்கிவிட்டு உலைப்பானையை ஏற்றினார். ஏன் அத்தை என்றேன். "சும்மாதான் தம்பி" என்றார். அவருக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

28 மே, சனி

தடுப்பூசி போட்டாயிற்று. ஊசி அவளுக்கு, காய்ச்சல் எனக்கு.

20 ஜூன், திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியது. முப்பத்தேழு பேர். வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். என் மகளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட எங்கள் வீட்டில்தான் ஆள் இல்லை. எங்கள் வகையறாவில் ஒரு வயது நிறைந்து, குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினால்தான் பிள்ளைக்குப் பெயர். அதுவரை பாப்பா. அதற்குள் தவறிப்போன பிள்ளையை யாரும் பேச்சில் எடுக்க மாட்டார்கள். எத்தனை பிள்ளை என்று கேட்டால் அதை எண்ண மாட்டார்கள். எண்ணினால் அடுத்த பிள்ளையை அது வந்து கூட்டிக்கொண்டு போய்விடுமாம். நான் இதையெல்லாம் மதிக்கிற ஆளா? பிறந்த பதினெட்டாம் நாளே நகராட்சியில் 'குறிஞ்சி' என்று பதிந்துவிட்டு வந்தேன். அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

9 ஜூலை, சனி

குப்புற விழுந்துவிட்டாள்! காலை ஒன்பது பத்துக்கு. நேற்றோடு ஆறு மாதம் முடிந்தது. கொஞ்சம் தாமதம்தான், வாத்தியார் பிள்ளை யோசித்துத்தான் செய்யும். அத்தை கொழுக்கட்டை அவித்தார். தெருவில் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தோம்.

கன்றுக்குட்டி பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. மனிதப் பிள்ளை நிற்க ஒரு வருடம் வேண்டும். பெரிய மூளை, நிமிர்ந்து நடக்கிற தாயின் குறுகிய இடுப்பெலும்பு. இரண்டுக்கும் நடுவே சமரசமாக, வேகாத பதத்திலேயே வெளியே எடுத்துவிடுகிறது இயற்கை. மீதியைத் தாயும் தகப்பனும் வெளியே வைத்து வேகவைக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஜோதி, "நீங்க என்னத்த வேகவச்சீங்க, இன்னைக்கு ஒரு துணி அலசுனீங்களா?" என்றாள். அலசினேன்.

20 ஆகஸ்ட், சனி

உட்காரவைத்தால் சாய்கிறாள். தலை இன்னும் நன்றாக நிற்கவில்லை. ஜோதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவள், தாய்சேய் நல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் குடைகிறாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி என்றேன். உங்கள் பாடத்தில் இது இல்லையா என்றாள்.

பிறகு பீரோவைத் திறந்து அந்தச் சார்ட்டை எடுத்தாள். ஐந்து வருடத்துக்கு முன் நான் வரைந்தது. எங்களுக்குப் பேச்சு எடுத்தபோது, சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஏதாவது வரும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன், எனக்கு வேண்டாம் என்று அவள்தான் மறுத்தாள். எனக்கோ அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம். சின்னமனூருக்கும் போடிக்கும் அலைந்து, பெரியவர்களை எல்லாம் கேட்டு, நாலு தலைமுறைக் கால்வழியை வரைந்துகொண்டு போனேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு. பரம்பரை நோய் இருந்தால் கறுப்படிக்க வேண்டும். இரட்டைக் கோடு ஆறு இடத்தில் இருந்தது, கறுப்பு ஓரிடத்திலும் இல்லை. ஜோதி அரைமணி நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

இன்று அதைத் தரையில் விரித்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்தமாத்தான இருக்கு மச்சான்?" என்றாள். சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். சார்ட்டைச் சுருட்டிப் பீரோவில் வைத்தேன். படுத்துவிட்டேன்.

11 செப்டம்பர், ஞாயிறு

குப்புற விழுவதை நிறுத்திவிட்டாள். செய்து பார்த்தாயிற்று, சலித்திருக்கும்.

25 செப்டம்பர், ஞாயிறு

கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தால் விரல் மூடுவதில்லை. போன மாதம் பிடித்தாள். போன மாதம் கட்டாயம் பிடித்தாள். போனில் படம் இருக்கிறது.

14 அக்டோபர், வெள்ளி

மதுரை. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டுக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது என்றார்.

சத்தத்துக்குத் தூக்கிப்போடுவது பற்றிக் கேட்டார்கள். நான் என் மூதாதைக் கதையைச் சொன்னேன். குழந்தை மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அஞ்சு மாசத்துல போயிரும் சார். இது அது இல்ல. பழகவே மாட்டேங்குது பாருங்க, பத்துத் தடவை கைதட்டுனாலும் பத்துத் தடவையும் திடுக்கிடுறா" என்றார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம். வகுப்பில் எனக்குத் தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வேனோ அப்படி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

24 அக்டோபர், திங்கள், தீபாவளி

வெடிச் சத்தத்துக்குப் பயந்து நேற்றே போடிமெட்டுக்கு ஏறிவிட்டோம். வேதியியல் ஆசிரியர் லூர்துராஜின் மச்சினர் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்திருந்தார். பனி, சுற்றிலும் ஏலக்காய்ச் செடி, ஒரு சத்தம் கிடையாது. பாப்பா பகலெல்லாம் தூக்கிப்போடாமல் கிடந்தாள். அத்தை அவள் உள்ளங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நடு விரலால் மட்டும், மேலிருந்து கீழாக. யார் சொல்லிக் கொடுத்தது என்று ஜோதி கேட்டாள். அத்தை தடவிக்கொண்டே இருந்தார்.

மாலை ஜோதி குளிக்கப் போனபோது அத்தை என்னிடம், "தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார். முடிவு வரட்டும் அத்தை, இப்போது எதுவும் பேச வேண்டாம் என்றேன்.

17 நவம்பர், வியாழன்

மதுரை. மரபியல் மருத்துவர். சின்ன வயது, மெதுவாகப் பேசுகிறார்.

ஒரு நொதி இல்லை. அது இல்லாததால் மூளை நரம்புச் செல்லுக்குள் ஒரு கொழுப்பு சேர்ந்துகொண்டே போகிறது. கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிடுவாள். பார்வை போகும், விழுங்குவது போகும். மருந்து இல்லை. ஒன்றரை, இரண்டு வயது.

நானும் ஜோதியும் ஆளுக்கொரு பழுதான மரபணு வைத்திருக்கிறோம். எங்களை அது ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்ததால் வந்தது. நாலில் ஒன்று. கரும்பலகையில் இருபது முறையாவது எழுதியிருப்பேன்.

பிறகு அவர் ஒரு தாளில் சதுரமும் வட்டமும் வரையத் தொடங்கினார். குடும்பத்தில் கைக்குழந்தையாக இறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் ஜோதி. அவர் அத்தையைப் பார்த்து மறுபடி கேட்டார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "எனக்கு மொதல்ல ஒரு பொம்பளப்பிள்ளங்க. இவளுக்கு முன்னாடி. சட்டி உருண்டாக்கூடத் தூக்கிப்போடும். கழுத்து நிக்காமயே பதினோரு மாசத்துல போயிருச்சு." அத்தை கட்டியது தன் சொந்தத் தாய்மாமனை. மருத்துவர் ஜோதியின் வட்டத்துக்கு இடப்பக்கம், அதே வரிசையில், ஒரு வட்டம் போட்டுக் கறுப்படித்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

ஜோதி தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தை என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

18 நவம்பர், வெள்ளி

நேற்று திரும்பும்போது பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. அதற்குப் பிறகு ஜோதி பேசினாள். அடங்கிய குரலில், பிள்ளை திடுக்கிடாதபடி.

"எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா. எனக்கே தெரியல. ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் இவரக் கட்டியிருப்பனா? டெஸ்ட் எடுக்காம பிள்ளதான் பெத்திருப்பனா? பேர் வைக்காத பிள்ளைன்னா அது பிள்ள இல்லையா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன் நான் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்டுத்தான் வரைந்தேன். யாரும் சொல்லவில்லை.

20 நவம்பர், ஞாயிறு

அத்தை சின்னமனூர் போய்விட்டார். ஜோதி இனிமேல் வரவே கூடாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டியவரிடம் கொடுக்கவில்லை. அத்தை நீட்டிய கையால் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

22 நவம்பர், செவ்வாய்

வாசல் மணியின் வயரைக் கழற்றினேன். கதவு இடுக்குகளில் பழைய துணி வைத்தேன். எவர்சில்வர் பாத்திரங்களைப் பரண் மேல் ஏற்றியாயிற்று, இனி பிளாஸ்டிக்தான்.

8 ஜனவரி 2023, ஞாயிறு

ஒரு வயது. கோயிலுக்குப் போயே தீர வேண்டும் என்றாள் ஜோதி. இவளுக்குக் கண் தெரியவில்லை, காது குத்தினால் தாங்குவாளா என்றேன்.

"காது குத்த வேணாம், மொட்டை வேணாம். பேர் மட்டும் வைக்கணும். நாளைக்கு இவள விட்டுட்டு எவளும் எண்ணக் கூடாது."

மேளம் இல்லை, மணி இல்லை, குலவை இல்லை. பூசாரி பெயரைக் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். கிசுகிசுவென்றுதான் சொன்னார். குறிஞ்சி மூன்று முறையும் கையைத் தூக்கிப்போட்டாள். கும்பிட நின்றவர்களில் சில பேர் பிள்ளை சந்தோஷப்படுகிறது என்று நினைத்துச் சிரித்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.

அத்தை வரவில்லை. அத்தையிடம் யாரும் சொல்லவில்லை.

2 பிப்ரவரி, வியாழன்

பள்ளி விட்டு வெளியே வந்தால் எதிரே பெட்டிக்கடை நிழலில் அத்தை நிற்கிறார். பிள்ளை குடிக்கிறதா என்று கேட்டார். புரையேறுகிறது, ஒரு சங்கு பால் இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றேன்.

"தண்ணியாக் குடுக்காத தம்பி. கேப்பக் கூழக் கெட்டியாக் காச்சி, ஆறவச்சு, விரல்ல எடுத்து நாக்குக்கு நடுவுல வை. மடியில நேரா வைக்காத, எடது பக்கமாச் சாச்சுப் பிடி. தாடைய ரெண்டு விரலால மேல தூக்கிவிடணும். அப்ப எறங்கும்."

இதையெல்லாம் முப்பது வருடத்துக்கு முன் தனியாகக் கற்றுக்கொண்டவர். வீட்டில் வந்து சொன்னேன். ஜோதி அப்படியே செய்தாள். இறங்கியது. யார் சொன்னது என்று கேட்டாள். நெட்டில் போட்டிருக்கிறான் என்றேன்.

3 மார்ச், வெள்ளி

அத்தை பள்ளி வாசலில் வந்து நிற்பது இது ஐந்தாவது வாரம். வெளுத்த மெல்லிய வேட்டியில் குழந்தையைச் சுற்றி வைத்தால் திடுக்கிடுவது குறையும் என்றார். குறைந்தது. அதுவும் நெட்டில்தான் போட்டிருந்தான்.

பிளஸ் டூ திருப்புதல் வகுப்பு. இயற்கைத் தேர்வு கெட்ட மரபணுவை வடிகட்டிவிடாதா சார் என்று சங்கமித்திரை கேட்டாள். தனியாக வரும்போது அதற்குக் கண் தெரியாது என்றேன். ஒற்றையாக இருக்கிற வரை அது யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காது. நன்றாகப் படிக்கும், வேலைக்குப் போகும், கல்யாணம் கட்டும், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். இரண்டு ஒற்றைகள் ஒரு பிள்ளையில் சந்திக்கிற அன்றுதான் இயற்கைக்கே தெரியவரும். அப்போது அது பிடிப்பது அந்தப் பிள்ளையைத்தான், கொண்டுவந்து கொடுத்தவர்களை இல்லை. எழுதிக்கொண்டார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

21 ஏப்ரல், வெள்ளி

ஜோதியிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். இப்படி வெயிலில் கடை வாசலில் நிற்க வேண்டாம் என்றேன்.

"சொல்லாத. அவளுக்கு வைய ஒரு ஆள் வேணும் தம்பி. அது நானா இருந்துட்டுப் போறேன். எம் மாமியா என்னைய வஞ்சா, ஊரே வஞ்சுச்சு, தாங்குனேன். எம் மக வஞ்சா தாங்க மாட்டனா? உன்னையும் வெறுத்துட்டான்னா அவ அந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன செய்வா?"

சரி அத்தை என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சரி. பஸ் ஏற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

18 ஜூன், ஞாயிறு

இன்று எழுதுகிறேன்.

மத்தியானம் குறிஞ்சிக்கு வலிப்பு வந்து போனது. வந்து அடங்கிய பிறகு ஜோதி அவளை இடது பக்கமாகச் சாய்த்து, தாடையைத் தூக்கி, கூழ் கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என்னைப் பார்த்து, "நீங்க இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேன் மச்சான்? ராவும் பகலும் தேடித் தேடிப் படிச்சு எல்லாத்தையும் கொண்டாந்து சொல்றீங்க" என்றாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எங்கம்மா மட்டும் அன்னைக்குச் சார்ட்டு வரையும்போது உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க விட்டுருப்பீங்களா? அத நெனச்சாத்தான் எனக்கு ஆற மாட்டேங்குது" என்றாள்.

"சொன்னாங்க ஜோதி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்குச் சின்னமனூர் வீட்டில் அத்தை காபி கொடுத்துவிட்டு, எனக்கு முதலில் ஒன்று பிறந்து, கழுத்து நிற்காமல் போய்விட்டது தம்பி என்று தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு, அதை எழுதாதே, பேர் வைக்காத பிள்ளையை எழுதக் கூடாது என்றார். என் கையில் பென்சில் இருந்தது. அந்த வட்டத்தைப் போட்டுக் கறுப்படித்தால் என்ன அர்த்தம் என்று அத்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போட்டால் நீ சரி சொல்ல மாட்டாய் என்றும் தெரியும். அதுவரை குடும்பத்தின் ஒரு சம்பிரதாயத்தையும் மதித்திராதவன் அன்றைக்கு மட்டும் பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று பென்சிலைக் கீழே வைத்தேன். நாலில் மூன்று நல்லபடியாகத்தானே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அப்ப இந்தக் கூழு, வேட்டி?"

"எல்லாம் அத்தைதான். வாராவாரம் ஸ்கூல் வாசல்ல வந்து நிக்கிறாங்க."

ஜோதி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளால் கத்த முடியாது, மடியில் பிள்ளை. மீதிக் கூழையும் கொடுத்து முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு போனை எடுத்து, "யம்மா. கெளம்பி வா" என்றாள். மறுமுனையில் என்ன கேட்டார்களோ, "தெரியும். வா" என்று வைத்துவிட்டாள்.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நவம்பர் பதினெட்டில் 'யாரும் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

19 ஜூன், திங்கள்

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஜோதி குறிஞ்சியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். ஏழு மாதம் கழித்துத் தொடுகிறார். "என்னாத்தா, எளைச்சுட்ட" என்றார் பிள்ளையிடம்.

என்னைப் பார்த்து, "ஏன் தம்பி" என்று மட்டும் கேட்டார்.

2 ஜூலை, ஞாயிறு

ஜோதி என்னிடம் மருந்து நேரம் சொல்கிறாள். பால் பாக்கெட் வாங்கச் சொல்கிறாள். மச்சான் என்று கூப்பிடுவதில்லை, எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளும் அத்தையும் குறிஞ்சியும் உள் அறையில். நான் ஹாலில்.

23 ஜூலை, ஞாயிறு

இன்று அரைமணி நேரம் குறிஞ்சியை என் நெஞ்சில் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கொண்டுவந்து கொடுத்தார், ஜோதி தடுக்கவில்லை. ரோமத்தில் அவள் விரல்கள் கிடந்தன. பிடிக்கவில்லை, கிடந்தன. எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டையும் வாய்க்குள்ளேயே பாடினேன்.

9 ஆகஸ்ட், புதன்

பதினோராம் வகுப்பில் இருந்தேன். லூர்துராஜ் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு இறங்கினேன்.

சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. பகல் பன்னிரண்டு மணி. அத்தை மடியில் இருந்திருக்கிறாள், ஜோதி காலைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் போகும்போது முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அழத் தொடங்கியபோது ஜோதி, "கத்துங்க. இனி அவளுக்கு ஒண்ணும் செய்யாது" என்றாள். ஒன்பது மாதமாக அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அவளும் அழுதாள்.

நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் வழக்கத்தில் பிள்ளைகளை எரிப்பதில்லை. எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று பாதி வழியில்தான் உறைத்தது. பத்தொன்பது மாதப் பிள்ளை. தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் ஓடுகின்றன.

11 ஆகஸ்ட், வெள்ளி

பால் ஊற்றினோம்.

14 ஆகஸ்ட், திங்கள்

மதுரையிலிருந்து மரபியல் மருத்துவர் போனில் பேசினார். வருத்தம் சொல்லிவிட்டு, சொந்தத்தில் இனிக் கட்டப்போகிறவர்கள் எல்லோரும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்கள் ஆசிரியர், உங்களால்தான் எடுத்துச் சொல்ல முடியும் என்றார். சொல்கிறேன் என்றேன். அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் பதினோராம் வாரத்திலேயே பார்த்துவிடலாம் என்றார். ஜோதி கதவருகே நின்றிருந்தாள். நான் போனைக் கையால் மூடிக்கொண்டேன். உள்ளே போய்விட்டாள்.

19 ஆகஸ்ட், சனி

சதுரமும் வட்டமும் வரைந்துகொண்டு சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு என்று இரண்டு நாளாக அலைகிறேன். பெரியப்பா பேத்திக்கு முறைமாப்பிள்ளையைப் பேசி முடித்திருக்கிறார்கள். தவறிப்போன பிள்ளை உண்டா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். அதனால் நான் முதலில் குறிஞ்சியைப் பற்றிச் சொல்கிறேன். அப்புறம் ஜோதியின் அக்கா. அதற்கப்புறம் யாராவது ஒரு பெண் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்று, எனக்கும் ஒன்று என்று சொல்லத் தொடங்குகிறாள். இதுவரை நாலு.

26 ஆகஸ்ட், சனி

ஜோதி அத்தையோடு சின்னமனூர் போகிறாள். அங்கேயே சுகாதார நிலையத்தில் வேலை கேட்டிருக்கிறாளாம். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு உடன் போனேன். அத்தை வேண்டுமென்றே தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பஸ் வரத் தாமதமானது. ஜோதி என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னைக்கு நீங்க எங்க அக்காவ அதுல போட்டிருந்தா நான் உங்களக் கட்டியிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"கட்டாம இருந்திருந்தா குறிஞ்சி இல்ல."

பையை மறு கைக்கு மாற்றினேன்.

"பத்தொம்பது மாசம். அதுல ஒரு நாளக்கூட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்கள வைய வாயத் தொறந்தா அவ வந்து குறுக்க நிக்கிறா. அவளை விட்டுட்டு உங்கள எப்படி வையிறதுன்னு எனக்குத் தெரியல. அதான் வையாமப் போறேன். மன்னிச்சுட்டான்னு மட்டும் நெனச்சுக்கிறாதீங்க."

சின்னமனூர் பஸ் வந்தது. அத்தை முதலில் ஏறி இடம் போட்டார். ஜோதி ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் பையைக் கீழிருந்து நீட்டினேன். கையை வெளியே விட்டு வாங்கிக்கொண்டாள்.